குட்டைக்காட்டில் சிறுத்தை இருந்தது

மரம், சட்டம், ரோந்து, தீத்தடுப்பு எல்லாம் வனக்காவல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. இந்த வேலையில் எனக்கு அதிகம் பழக்கமான ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது பயம்.

பயத்துக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. காக்கிச் சட்டையைப் போட்டதும் பயமே தெரியாத ஆள் மாதிரி கையை வீசி நடக்க ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நடந்தேன். எழுபதுகளின் நடுவில், ஆரணிப் பக்கம் வனக்காவலராக என்னைப் போட்டபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. நல்ல உடம்பு, புது பூட்ஸ், கழுத்தில் விசில். வேறு என்ன வேண்டும்?

என் பொறுப்பில் இருந்தது பெரிய காடு இல்லை. சந்தவாசல் பக்கம் மலையடியில் ஒரு ஓடை தொடங்கும். அது இறங்கி வருகிற வழி நெடுக குட்டைகள். ஒரு குட்டை நிரம்பிக் கோடி போனால், வழிகிற தண்ணீர் அடுத்த குட்டைக்கு வரும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. குட்டைகளைச் சுற்றி நாவல், மருதம், புங்கம், ஈச்சம். சில இடத்தில் நடுப்பகலிலும் வெயில் தரையில் விழாது. சில இடத்தில் வெறும் காரைமுள்ளும் சூரைமுள்ளும்தான். சேவூர்ப் பக்கத்து வயல்கள் தெரிகிற இடத்தில் கடைசிக் குட்டையோடு காடு முடிந்துவிடும். ஜனங்கள் அதைக் குட்டைக்காடு என்பார்கள்.

அந்தக் கடைசிக் குட்டையில்தான் ஆரணிச் சாயப்பட்டறை ஆட்கள் பட்டு அலசுவார்கள். ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது. உப்புத் தண்ணீரில் அலசினால் பட்டு செத்துப்போகும் என்பார்கள். அதனால் பசை போக வேகவைத்த நூலை, சாயம் ஏற்றுவதற்கு முன்னால், சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இங்கே அலசி எடுத்துப் போவார்கள். காலை வெயிலில் அந்த நூல் தண்ணீருக்குள் விரிவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்கு நெசவுக் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து புங்கமரத்து நிழலில் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டு, பொழுது சாயும்போது திரும்பிப் போவார்கள். காலனி ஜனங்களுக்கு விறகு, ஆட்டுக்குத் தழை, கோடையில் மீன் எல்லாம் அங்கேதான். யாரையும் விரட்ட எனக்கு மனசு வராது. பச்சை மரத்தில் கத்தி வைக்காதவரை யார் வந்தாலும் சந்தோஷம்தான்.

ஒவ்வொரு கோடையிலும் யாராவது ஒருவர் புலி பார்த்ததாகச் சொல்வார். நானும் போய்க் குட்டைக்கரைச் சேற்றில் தேடுவேன். நாய்த்தடம் இருக்கும், நரித்தடம் இருக்கும். வந்து சொல்வேன், சிரித்துவிட்டுக் கலைவார்கள்.

ஒரு வருஷம் பங்குனியில் ஒரு நாள், உச்சிவெயில் இறங்கிய பிறகு, கடைசிக் குட்டைப் பக்கம் கூச்சல் கேட்டது. ஓடினேன். கரையில் பெரிய கூட்டம். காலனி ஆட்கள், சாயப்பட்டறை ஆட்கள், சேவூரிலிருந்து வந்த நெசவுக்காரர்கள். நடுவில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. கழுத்துத் தோல் கிழிந்து தொங்கியது. ரத்தம் முன்னங்கால் வரை வழிந்து காய்ந்திருந்தது. ஆடு கத்தவில்லை, நடுங்கிக்கொண்டே நின்றது.

அது முனியம்மாவின் ஆடு. முனியம்மா புருஷனை இழந்தவள், நாற்பது வயசு இருக்கும். தம்பி ஏழுமலையோடு காலனியில் இருந்தாள். தினமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போவாள், பொழுதோடு திரும்புவாள். அன்றைக்கு ஆடுகள் மட்டும் தாமாக ஓடி வந்திருந்தன. முனியம்மா வரவில்லை.

ஏழுமலை சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டியில் நூல் புரட்டுகிற வேலை பார்த்தான். என் வயசுதான். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. அந்தக் கையில் மண்ணெண்ணெய் டின்.

"வழிய வுடு சார். கொளுத்தப் போறோம்."

"எதை?"

"இந்தக் காட்டைத்தான். மேக்கால வெச்சா காத்துக்கு ஒரே புடியா புடிச்சிகினு வரும். சனியன் கெழக்கால வயல்ல வந்து வுழும். அடிச்சே கொன்னுடுவோம்."

கூட்டத்தில் எல்லார் கையிலும் தடியோ கடப்பாரையோ இருந்தது. சருகு அப்படிக் காய்ந்து கிடந்த நேரம். மேல்காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. ஒரு குச்சி கிழித்தால் போதும், மலையடியிலிருந்து இந்தக் கரை வரைக்கும் ஒன்றும் மிஞ்சாது. பூட்ஸும் விசிலும் எதற்கு உதவும்? அவர்களில் முக்கால்வாசிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர்கள். அதனாலேயே பயம் அதிகமாக இருந்தது. அந்த முகங்களை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"ஏழுமல, அக்கா உள்ள உயிரோட இருந்தா?" என்றேன்.

"இருந்தா கொரல் குடுத்திருக்க மாட்டாளா? நாங்க எவ்ளோ நேரமா கூப்டுகினு கீறோம்!"

"மயங்கிக் கெடந்தா? கால் ஒடைஞ்சு கெடந்தா? நெருப்பு வெச்சப்புறம் தெரிஞ்சா இன்னா பண்ணுவ?"

டின்னைப் பிடித்திருந்த அவன் கை கொஞ்சம் இறங்கியது. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

"நீ உள்ள போய்ப் பாப்பியா சார்?"

போகிறேன் என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது.

"நானும் வரேன்" என்று டின்னைக் கரையில் வைத்தான் ஏழுமலை.

கூட்டத்தில் கோவிந்தசாமி அண்ணன் இருந்தார். சொந்தத் தறி வைத்திருந்த நெசவுக்காரர், அந்தப் பக்கத்தில் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "சூரியன் அந்த மலை மேல உக்கார்ற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வரலன்னா இவங்கள என்னால புடிச்சி வெக்க முடியாது தம்பி."

"நாங்க உள்ள இருக்கும்போதா?"

"அதான் சொல்றேன். ஜல்தியா வந்துடுங்க."

காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கவனித்தது சத்தமின்மையை. அந்த நேரத்துக்குத் தவிட்டுக்குருவிகள் கத்தித் தீர்க்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. நாங்கள் சருகில் கால் வைப்பது மட்டும்தான் கேட்டது. வயல் பக்கமிருந்து இரண்டாவது குட்டைக்கரையில் குனிந்து பார்த்தேன். ஈரச் சேற்றில், ஆட்டுக்குளம்புத் தடங்களின் மேல், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். நகக்குறி இல்லை. நாய் என்றால் நகம் பதியும். அதில் தண்ணீர் ஊறி நின்றது.

ஏழுமலை என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். "அதானா?" என்றான். தலையாட்டினேன். இத்தனை வருஷம் நாயும் நரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் போவதா, சத்தம் போட்டுக்கொண்டு போவதா? மனசு சத்தமில்லாமல் போ என்றது. ஆனால் திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் அது பாயும். நாம் வருவது அதற்கு முன்னாலேயே தெரியவேண்டும். "பேசிகினே வா, எதையாவது பேசு" என்றேன். அவன் அக்காவைப் பற்றிப் பேசினான். அம்மா செத்தபிறகு அவள்தான் வளர்த்தாளாம். அவளுக்குக் கோழிக்குழம்பு பிடிக்காது, மீன்தான் பிடிக்குமாம். போன வாரம் சண்டை போட்டு இரண்டு பேரும் பேச்சே இல்லையாம். எல்லாவற்றையும் சத்தமாக, அழுதுகொண்டே, மரங்களுக்குச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு வந்தான்.

நடுக்குட்டைக்கு வந்தோம். சின்னக் குட்டைதான், ஒரு வீட்டு வாசல் அகலம். எதிர்க்கரையில் ஒரு பெரிய நாவல் மரம். அதையடுத்து, எப்போதோ சாய்ந்து விழுந்த மருதமரம், வேரோடு மண்ணைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. வேருக்கு அடியில் இருட்டாக ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து சத்தம் வந்தது. ரம்பத்தால் மரம் அறுக்கிற சத்தம். ஒரு இழுப்பு, நிறுத்தம், இன்னொரு இழுப்பு.

ஏழுமலை திரும்பி ஓடப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு தைரியம் வந்து பிடிக்கவில்லை. அவன் ஓடினால் நானும் ஓடியிருப்பேன். ஓடுகிறதைத்தான் அது துரத்தும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது தண்ணீரில் ஏதோ விழுந்தது. ஒரு காய்ந்த குச்சி. மேலே பார்த்தோம்.

நாவல் மரத்தில், கிளைகள் பிரிகிற இடத்தில், நீலப் புடவை. முனியம்மா. இரண்டு கையாலும் மரத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கீழே வேர்க்குழியைக் காட்டினாள். கையைக் குழந்தையைத் தாலாட்டுவது மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

குட்டி போட்டிருக்கிறது என்று புரிந்தது.

அவள் ஏன் குரல் கொடுக்கவில்லை என்பதையும் பிறகு அவளே சொன்னாள். ஆட்டைக் கவ்வியதைக் கோலால் அடித்து விடுவித்திருக்கிறாள். அது திரும்பியதும் மரத்தில் ஏறிவிட்டாள். ஒவ்வொரு தடவை அவள் கத்தியபோதும் அது குழியிலிருந்து எழுந்து மரத்தடிக்கு வந்து, மேலே பார்த்து நின்றிருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் திரும்பிப் போகும். "அதுக்கு மரம் ஏறத் தெரியும்னு எனக்குத் தெரியும் சார். அது ஏறுமா ஏறாதான்னு பாத்துகினே உக்காந்திருந்தேன்" என்றாள். உச்சிவெயிலிலிருந்து அப்படியே.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். மரத்துக்கும் குழிக்கும் நடுவே சில காலடி தூரம். அவள் இறங்கினால் அதன் முகத்துக்கு நேரே இறங்கவேண்டும். வெளியே, சூரியன் மலைக்குப் போனதும் நெருப்பு வைக்கக் காத்திருக்கிற கூட்டம். மரக்கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்துவிட்டது.

ஒருவர் வெளியே போய் அவர்களை நிறுத்தவேண்டும். யார் போவது? நான் போகலாம். காக்கிச் சட்டைக்காரன் சொல்கிறான், காட்டைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்பார்கள். ஏழுமலை சொன்னால்தான் நம்புவார்கள். அக்காவைப் பறிகொடுத்துவிட்டதாக நினைத்து டின்னைத் தூக்கியவன் அவன்தானே. அவன் காதில் சொன்னேன். தலையை ஆட்டினான், மாட்டேன் என்று. "அவள வுட்டுட்டுப் போமாட்டேன்."

"நீ போவலன்னா அவ நெருப்புல சாவா. நானும்தான்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் போ என்று கையை வீசினாள், கோழியை விரட்டுகிற மாதிரி. பின்பக்கமாகவே அடிவைத்து நகர்ந்தான். புதருக்கு அந்தப் பக்கம் போனதும் அவன் மறுபடி சத்தமாகப் பேசிக்கொண்டே போவது கேட்டது, தனியாக, யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி. அந்தக் காட்டுக்குள் தடத்தைப் பார்த்த பிறகு தனியாக நடந்து போனானே, அந்த தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நான் தனியாக நின்றேன். நான் அசைந்தால் உறுமல் கூடியது. அசையாமல் இருந்தாலும் அது ஓயவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் தலை தெரிந்தது. காது மடங்கியிருந்தது. என்னையே பார்த்தது. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் போய்விட்டது. கால்சட்டை நனைந்துவிட்டதை வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், நீங்களும் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று புரிந்தது. அது எங்கேயும் போகாமல் இருப்பதற்குக் காரணம் நான்தான். அது குட்டிகளுக்கு முன்னால் நிற்கிறது, நான் அதற்கு முன்னால் நிற்கிறேன். நான் நின்றால் அதுவும் நிற்கும். முனியம்மா மரத்திலேயே இருப்பாள். நான் அங்கிருந்து மறைந்தாகவேண்டும்.

இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. மரத்தில் இருப்பவளுக்கு நான்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒரே மனுஷன். நான் பின்னால் நகர ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது. விட்டுவிட்டுப் போகிறான் என்று நினைத்துவிட்டாள். கையைக் கீழ்நோக்கிக் காட்டி, இரு, இரு என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. கரைமேட்டுக்குப் பின்னால் போய், மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது என்ன செய்கிறது, அவள் என்ன செய்கிறாள், எதுவும். மூக்கு மட்டும் புகைவாசனையைத் தேடிக்கொண்டிருந்தது.

உறுமல் நின்றது. நின்றது நல்லதா கெட்டதா? எழுந்து பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு நிமிஷமும் உடம்பு துடித்தது. எழுந்திருக்கவில்லை. அந்த நாளில் நான் செய்த கடினமான வேலை காட்டுக்குள் போனது இல்லை, அந்த மண்ணில் படுத்துக்கிடந்ததுதான்.

கடைசியில் சருகு மிதிபடுகிற சத்தம். முனியம்மா நின்றாள். காலில் உணர்வில்லாமல் தடுமாறினாள். "தூக்கிகினு போயிடுச்சு சார். ஒண்ணொண்ணா வாயில கவ்விகினு மேலண்ட குட்டைக்குப் போச்சு. ரெண்டு குட்டி" என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது. அப்படியே நடந்தோம்.

வெளியே வந்தபோது சூரியன் மலை விளிம்பைத் தொட்டிருந்தது. நெருப்பு வைக்கவில்லை. ஏழுமலை மண்ணெண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. நாலைந்து பேர் அவனை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், சட்டை கிழிந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஜனங்கள் ஓடிவந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கோவிந்தசாமி அண்ணன் என்னிடம் கேட்டார்.

"உள்ள இன்னா இருக்குது தம்பி? எதுக்கு மரத்துல ஏறினா?"

ஏழுமலை, அக்கா உயிரோடு இருக்கிறாள், மரத்தில் இருக்கிறாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான். மிச்சத்தைச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். முனியம்மாவும் பார்த்தாள். காட்டுப்பன்றி என்று சொல்லலாம். வெறிநாய் என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள், காடு பிழைத்திருக்கும். தம்பி தங்கைகளே, நாவில் பன்றி என்ற வார்த்தை வந்தே விட்டது. ஆனால் மறுநாள் காலையில் யாரோ ஒரு பெண் சுள்ளி பொறுக்கப் பன்றிதானே என்று உள்ளே போவாள். அவள் முகத்தை என்னால் அப்போதே பார்க்க முடிந்தது.

"சிறுத்தை இருக்குது. குட்டியோட இருக்குது" என்றேன்.

எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். எவனோ டின்னைத் தூக்கினான். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "தெரிஞ்சே வெச்சிருக்கியா? எங்க புள்ளங்க குளிக்கிற எடம்டா இது!" அவன் சொன்னதில் தப்பே இல்லை.

ஆனாலும் பேசினேன். குட்டியோடு இருக்கிறதை நெருப்பால் விரட்டினால் அது வயலில் வந்து செத்து விழாது, எதிரில் வருகிறவனைக் கிழித்துவிட்டு உங்கள் தெருவுக்குள்தான் புகும் என்றேன். இந்த மரம் போனால் ஓடை மண் முழுக்கக் குட்டையில் இறங்கும், அடுத்த வருஷம் பட்டு அலச எங்கே போவீர்கள் என்றேன். யார் காதிலும் ஏறின மாதிரி தெரியவில்லை.

முனியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினாள். "நாள் பூரா எங் கீழ நின்னுச்சே, நான் சொல்றேன். கொளுத்தாதீங்க. காட்டைக் கொளுத்திட்டா என் ஆடு உங்க வூட்டுத் தறியவா மேயும்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அன்றைக்குக் காட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

கோவிந்தசாமி அண்ணன் கேட்டார். "சரி. எங்காளுங்க தண்ணிக்கு வரணுமே, அதுக்கு யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. கடைசிக் குட்டையத் தாண்டி யாரும் மேல போகக்கூடாது. வெள்ளென வந்து, எல்லாரும் போற வரைக்கும் நான் இங்க நிக்கிறேன்."

மறுநாள் ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். அதிகம் பேசாத மனுஷர். தடத்தைப் பார்த்தார். மலையடி வரை ஆட்களை நிறுத்தி விரட்டலாமா என்று கேட்டேன். குட்டிகள் நடக்கிற வரை அது போகாது, நாம் விரட்டினால் எந்தப் பக்கம் போகும் என்றும் தெரியாது என்றார். காத்திருப்பதுதான் வழி. பிறகு கேட்டார்.

"நாளைக்கு இங்க ஒரு உசுரு போச்சுன்னா உன் பேரத்தான் சொல்லுவாங்க. தெரியுமா?"

"தெரியும் சார்."

"பயமா இருக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ரொம்ப சார்" என்றேன்.

"நல்லது. பயம் போயிடுச்சுன்னு உனக்கு எப்ப தோணுதோ, அன்னிக்கே எனக்குச் சொல்லி அனுப்பு" என்றார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல பெரிய சம்பவம் எதுவும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் தகரத்தைத் தட்டிக்கொண்டு கரையைச் சுற்றி வருவேன். அவர்கள் நூல் அலசும்போது நான் காட்டைப் பார்த்து நிற்பேன். ஒரு கன்றுக்குட்டி போயிற்று. அந்த வீட்டுக்காரர் என் முகத்தில் காறித் துப்பாத குறை. ஒரு அமாவாசைக்கு நெசவுக் குடும்பங்கள் ஒன்றுகூட வரவில்லை. வெறும் புங்கமர நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு இறங்காது. யார் தூரத்தில் கத்தினாலும், மாட்டை அதட்டினாலும்கூட, அந்தப் பக்கம் ஓடுவேன்.

பிறகு ஒரு காலையில் சாயப்பட்டறை ஆள் ஒருவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டு பெண்கள் குட்டையின் மேல்கரையைத் தாண்டிப் போய் ஈச்சங்குச்சி ஒடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அழைத்து வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெகுநேரமாகக் காட்டுப் பக்கம் நான் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. அன்றைக்கே ரேஞ்சருக்குச் சொல்லி அனுப்பினேன், பயம் போய்விட்டது என்று.

அவரே வந்தார். திட்டவில்லை. "வா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று காட்டுக்குள் கூட்டிப்போனார். இரண்டாவது குட்டை தாண்டியதும் நின்று, ஒரு மரத்தைக் காட்டினார். பட்டை உரிந்து, என் தலைக்கு மேலே புதிதாக நகக்கீறல்கள். பிசின் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. சட்டென்று சுற்றிலும் பார்த்தேன்.

"இப்ப?" என்றார்.

"வந்துடுச்சு சார்."

"அப்ப நான் கெளம்புறேன்" என்றார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் எண்பதுகளில் பல இடங்களில் வேலை பார்த்தேன். மரம் வெட்டுகிற கும்பல், ஏரி உடைகிற ராத்திரி, எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு இடத்திலும் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: இந்த இடத்தில் எனக்கு எதைப் பார்த்துப் பயம்? கூட்டத்தைப் பார்த்தா, மேலதிகாரியைப் பார்த்தா, கெட்ட பேரைப் பார்த்தா, இல்லை ஒரு உயிர் போய்விடும் என்றா? கடைசியில் சொன்னது மட்டும் இருந்தால் அந்தப் பயம் சொல்கிறபடி செய்யலாம். மற்றவை எல்லாம் சிறுத்தையைப் பன்றி என்று நம்மைச் சொல்லவைக்கிற பயங்கள். நீங்கள் நிற்கிற கரையில் உங்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்கலாம். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

அந்த வருஷம் முதல் மழை பெய்து, மேல்குட்டைகளில் தண்ணீர் நின்றது. ஈர மண்ணில் தடம் பார்த்தேன். பெரிய தடம் ஒன்று, பக்கத்தில் சின்னத் தடங்கள், ஓடை வழியாக நேராக மலைக்கு. மலையடிப் பாறை வரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊரில் சொன்னேன்: "மலைக்குப் போன தடத்தைப் பாத்தேன். திரும்பி வராதுன்னு சொல்ல மாட்டேன்." சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, இது ஒரு பதிலா என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

ஆடுகளோடு முதலில் வந்தது முனியம்மாதான். அத்தனை நாளும் வயல்வரப்பில் மேய்த்து, வாங்காத திட்டெல்லாம் வாங்கியிருந்தாள். காட்டு விளிம்பு வரை வந்தாள். ஆடுகள் தழையைப் பார்த்து முண்டின. அவள் மட்டும் கோலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். கால் எடுத்து வைக்க முடியவில்லை.

"சார், கூட கொஞ்சம் வரீங்களா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்குது அக்கா" என்றேன்.

"தெரியும். பயப்படாதவன் யாராச்சும் கூப்ட்டா நான் போவ மாட்டேன்."

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம்.